வெள்ளைப் புகை எங்கே முடிகிறது

தை மாதத்தில் புத்தளத்தில் சுபஹ் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசல் படியிறங்கும் நேரம், வெப்பநிலை 22 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். மலைநாட்டிலிருந்து வந்தவருக்கு அது குளிரே அல்ல. ஆனால் வருடம் முழுக்க வெயிலில் வேகும் இந்தக் கரைக்கு அதுதான் குளிர்காலம். காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு சைக்கிள் மிதிப்பவர்களைப் பார்க்கலாம். களப்பின் மேல் மெல்லிய மூட்டம் கிடக்கும். இரவு முற்றத்தில் நின்ற வாகனத்தின் கண்ணாடியை விரலால் வழித்தால் நீர் கோடாக இறங்கும். அந்த நேரத்தில் ஒரு காரைக் கிளப்பினால் பின்குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை புறப்படும். இரண்டு முழம் போவதற்குள் காணாமல் போய்விடும். ஐந்தாறு நிமிடத்தில் அதுவும் நின்றுவிடும்.

இதைப் பார்த்துப் பயந்து கராஜுக்குப் போகிறவர்கள் உண்டு. இதே போன்ற இன்னொரு வெள்ளைப் புகையைப் பார்த்தும் கவலைப்படாமல் கொழும்புக்கு வண்டியை விட்டு, நடுவழியில் எஞ்சின் வெந்து நின்றவர்களும் உண்டு. இரண்டு பேரும் நிறத்தை மட்டும் பார்த்தவர்கள். அனுபவமுள்ள கராஜ் பாஸ் ஒருவரிடம் போய், “நானா, வண்டி வெள்ளப் புகை தள்ளுது” என்று சொன்னால், எஞ்சின் மூடியைத் திறக்கும் முன் அவர் இரண்டு கேள்வி கேட்பார். “எவ்வளவு நேரம் தள்ளுது? எங்க போய் மறையுது?” இந்த இரண்டாவது கேள்விக்குள் ஒரு முழு இயற்பியல் பாடம் இருக்கிறது. அதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்த நீர் எங்கிருந்து வருகிறது? பெற்றோலில் நீர் கலந்திருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். கலப்படம் நடந்தால் அதுவும் உண்டுதான். ஆனால் அதிசுத்தமான பெற்றோலை எரித்தாலும் நீர் வரும். பெற்றோல் என்பது காபனும் ஐதரசனும் சேர்ந்த திரவம். எரியும்போது காபன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகிறது. ஐதரசன் அதே ஒட்சிசனோடு சேர்ந்து நீராகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகும். ஊற்றிய அளவுக்கே நீர் எப்படித் திரும்பி வரும் என்று கேட்கலாம். நீரின் எடையில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஒட்சிசன். அந்த ஒட்சிசன் தாங்கியிலிருந்து வரவில்லை, காற்றிலிருந்து வருகிறது. ஒரு லீற்றர் பெற்றோலை எரிக்க எஞ்சின் சுமார் 9 கன மீற்றர் காற்றை உறிஞ்சுகிறது. புத்தளத்திலிருந்து கொழும்பு 130 கிலோமீற்றர் அளவு. லீற்றருக்கு 13 கிலோமீற்றர் ஓடும் கார் அந்தப் பயணத்தில் பத்து லீற்றர் பெற்றோலைக் குடித்து, பத்து லீற்றர் நீரை வழி நெடுகிலும் ஆவியாக விட்டுச் செல்கிறது. பகலில் அதை யாரும் பார்ப்பதில்லை. ஏனென்றால் நீராவிக்கு நிறமில்லை.

அடுப்பில் கொதிக்கும் கேத்தலை உற்றுப் பார்த்திருந்தால் இது விளங்கும். கேத்தல் மூக்கின் நுனியை ஒட்டி ஒரு விரற்கடை தூரத்துக்கு எதுவும் தெரியாது. அதற்கு அப்பால்தான் வெள்ளை தொடங்குகிறது. அந்த வெற்றிடத்தில் இருப்பதுதான் உண்மையான நீராவி. அப்பால் தெரியும் வெள்ளை, ஆவி குளிர்ந்து மறுபடி துளிகளாகத் திரண்டது. வானத்து மேகமும் அதேதான்.

காரின் புகைவாயுவில் நூற்றில் பதின்மூன்று, பதினான்கு பங்கு நீராவி. அந்த அளவு ஆவியைக் கொண்ட வாயு சுமார் 52 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் நீர் துளிக்கத் தொடங்கும். எஞ்சினை விட்டு வரும்போது வாயு பல நூறு பாகை வெப்பத்தில் இருக்கிறது. ஆனால் இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த இரும்புக் குழாயும் சைலன்சரும் அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்கின்றன. முதல் சில நிமிடங்களில் பின்முனையில் வெளிவரும் வாயு 40, 45 பாகையில்தான் இருக்கும். அதனால்தான் குழாய் நுனியில் நீர் சொட்டுகிறது, வாயு ஈரம் நிரம்பி வெளியே வருகிறது. வெளியே காத்திருப்பது அதைவிடக் குளிர்ந்த காற்று.

இங்கேதான் ஸ்கொட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் வருகிறார். பாறைகளைப் படித்துப் பூமியின் வயது மனிதக் கணக்குக்கு அடங்காதது என்று சொன்ன அதே ஹட்டன். 1784 ஆம் ஆண்டு எடின்பரோ அரச கழகத்தில் மழை பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். ஈரம் நிரம்பிய வெப்பக் காற்றும் ஈரம் நிரம்பிய குளிர்க் காற்றும் கலந்தால், இரண்டிலும் தனித்தனியே மேகம் இல்லாவிட்டாலும் கலவையில் மேகம் பிறக்கும் என்பது அவர் கருத்து. காரணம், காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை, மேலே போகப் போகச் செங்குத்தாக ஏறுகிறது. ஒரு கன மீற்றர் காற்று 8 பாகையில் 8 கிராம் சொச்சமும், 22 பாகையில் 19 கிராமும், 45 பாகையில் 65 கிராமும் நீராவியைத் தாங்கும். இரண்டு காற்றுகளைச் சமமாகக் கலந்தால் ஆவி சராசரியாகிறது, ஆனால் தாங்கும் திறன் அந்தச் சராசரிக்குக் கீழே நிற்கிறது. மிஞ்சிய ஆவி துளியாகிறது. மழை முழுவதற்கும் இதுவே காரணம் என்று ஹட்டன் கருதியது பின்னால் நிலைக்கவில்லை. மழை மேகங்களைப் பெரும்பாலும் உண்டாக்குவது, காற்று மேலெழுந்து விரிந்து குளிர்வது. ஆனால் காரின் பின்குழாய்க்கு அவர் சொன்னது அச்சொட்டாகப் பொருந்துகிறது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 45 பாகையில் ஈரம் நிரம்பி வரும் புகைவாயுவை, 22 பாகை வெப்பமும் 95 வீத ஈரப்பதனும் உள்ள புத்தளத்து விடியற்காலைக் காற்றோடு கலக்கிறோம். ஒரு பங்கு வாயுவோடு 25 பங்கு காற்று சேரும் வரை மேகம் இருக்கும், அதன் பிறகு கரைந்துவிடும். அதே வாயுவை நுவரெலியாவில், 8 பாகையும் அதே ஈரப்பதனும் உள்ள காற்றில் விட்டால், 100 பங்கு காற்று கலந்த பிறகும் மேகம் கரையாது. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில், சில தை மாத விடியல்களில் புல்லில் உறைபனி காணும் அந்த ஊரில், ஒரு கார் வீதியின் அகலம் முழுக்க வெள்ளையை இழுத்துச் செல்வது இதனால்தான். மறுபடி புத்தளத்துக்கு வந்து காலை பத்து மணிக்கு, 27 பாகையும் 70 வீத ஈரப்பதனும் இருக்கும்போது அதே குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புங்கள். வாயுவுக்குச் சம பங்கை விடச் சற்றே கூடுதலான காற்று கலந்தாலே போதும், மேகம் மறைந்துவிடும். குழாய் வாயைத் தாண்டி வெள்ளை கண்ணில் படுவதே அரிது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதுவே இந்தக் கரைக்கு முக்கியமானது. வெளிவரும் வாயு 80 பாகையைத் தாண்டிவிட்டால், மேலே கணக்கிட்ட புத்தளத்து விடியலிலும் நீர் மேகம் உருவாக முடியாது. எந்த அளவில் கலந்தாலும் அது நிரம்பல் நிலையைத் தொடுவதில்லை. நுவரெலியாவில் 100 பாகையில் வெளிவந்தாலும் உருவாகும். ஆகவே மலைநாட்டில் இருபது நிமிடம் ஓடிய காருக்குப் பின்னால் வெள்ளை தெரிந்தால் அது நீராகவே இருக்கலாம். புத்தளத்தில், சிலாபத்தில், கற்பிட்டியில் அப்படி இருக்க முடியாது. குளிர் நாடுகளில் எழுதப்பட்ட வாகனக் கையேடுகள் காலையில் வெள்ளைப் புகை வந்தால் பொருட்படுத்த வேண்டாம் என்கின்றன. அந்த அறிவுரையை அப்படியே எடுத்து இந்தக் கரையில் வைத்துக்கொள்வது ஆபத்து. இங்கே வெள்ளைக்குக் கிடைக்கும் சலுகை சில நிமிடங்கள் மட்டுமே.

இந்தக் கணக்கு வானத்திலும் வேலை செய்கிறது. விமானம் விட்டுச் செல்லும் வெள்ளைக் கோடும் எரிபொருளிலிருந்து பிறந்த நீர்தான். எந்தக் குளிரில் அந்தக் கோடு உருவாகும் என்பதை ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் 1941 இலும், அமெரிக்காவின் ஆப்பிள்மன் 1953 இலும் வகுத்தார்கள். பத்துக் கிலோமீற்றர் உயரத்தில், சுழிக்குக் கீழே 40 பாகைக் குளிரில், துளிகள் உடனே பனிப் பளிங்குகளாக உறைகின்றன. முற்றத்துக் காருக்கும் ஆகாய விமானத்துக்கும் வேறுபாடு அவ்வளவே.

நீர் மேகத்தின் அடையாளம் அதன் ஓரம். கலக்கும் காற்று ஓர் எல்லையைத் தாண்டியதும் துளிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே இடத்தில் ஆவியாகிவிடுகின்றன. அதனால் வெள்ளை வெட்டுப்பட்டது போல முடிகிறது. அதற்கு அப்பால் எதுவும் மிச்சமில்லை, மணமில்லை, கண் எரிவில்லை. எண்ணெய்ப் புகைக்கு இந்த ஓரம் கிடையாது. அது மெலிந்து மெலிந்து பரவும், நிற்கும், சட்டையில் ஒட்டும்.

அந்த எண்ணெய்ப் புகையைப் பார்க்கக் கற்பிட்டிக் கரைக்குப் போக வேண்டும். விடியலுக்கு முன் ஃபைபர் போட்டுகள் மணலிலிருந்து தள்ளப்படும் நேரம். பின்னணியத்தில் பொருத்திய வெளியிணைப்பு எஞ்சினின் கயிற்றை ஒருவர் சுண்டி இழுக்கிறார். ஓரிரு இழுப்புக்குப் பிறகு எஞ்சின் பிடிக்கிறது. சிறிய கலனிலிருந்து வந்த பெற்றோலில் அது கொஞ்ச நேரம் ஓடுகிறது. பிறகு அவர் குழாயை மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறார். எஞ்சின் ஒரு கணம் தடுமாறுகிறது, சத்தம் கனக்கிறது, நீர்மட்டத்துக்கு மேலிருக்கும் சிறு துவாரத்தால் கனத்த வெள்ளை கொப்பளிக்கிறது. காற்று இல்லாத காலையில் அது நீரின் மேல் அப்படியே படுத்துக் கிடக்கும். பத்து யார் தள்ளி நின்றாலும் மண்ணெண்ணெய் மணம் மூக்கில் ஏறும்.

ஏன் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும்? எரிவது திரவம் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. பெற்றோல் சுழிக்குக் கீழே 40 பாகையிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்குக் குறையாத வெப்பம் வேண்டும். அது முழுதாக ஆவியாக 150 இலிருந்து 300 பாகை வரை போக வேண்டும். 22 பாகையில் கிடக்கும் சிலிண்டருக்குள் மண்ணெண்ணெயைத் தெளித்தால் அது துளியாகவே உள்ளே போய், பெரும்பகுதி துளியாகவே வெளியே வரும். எஞ்சின் சூடேறும் வரை பெற்றோல் அந்த வேலையைப் பார்க்கிறது. ஆள் அவசரப்பட்டு முன்னதாகவே மாற்றினால் எரியாத மண்ணெண்ணெய் நுண்துளி மூட்டமாகக் கிளம்புகிறது. விலை கொடுத்து வாங்கிய எண்ணெய் கண்ணுக்கு முன்னால் காற்றில் போகிறது.

போட்டுகளில் உள்ளது போன்ற இரு வீச்சு (டூ ஸ்ட்ரோக்) எஞ்சினில் இன்னொரு இழப்பும் சேர்கிறது. அதில் பழைய புகை வெளியேறும் துவாரமும் புது எரிபொருட்கலவை உள்ளே வரும் துவாரமும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி எரியாமலே நேரே வெளியே போய்விடும், மெதுவாக ஓடும்போது இன்னும் கூடுதலாக. அதோடு உயவு எண்ணெயும் எரிபொருளிலேயே கலந்திருக்கிறது. இந்த எண்ணெய் மிக நுண்ணிய துளியாக வந்தால் புகை நீலமாகத் தெரியும். ஒளியின் அலைநீளத்தை விடச் சிறிய துளிகள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கும். துளி பருத்தால் எல்லா நிறத்தையும் ஒரேபோலச் சிதறடித்து வெள்ளையாகும். ஆகவே ஒரே எஞ்சின் காலையில் வெள்ளையும் சூடேறிய பிறகு நீலமும் விடுவதில் மாயம் ஒன்றுமில்லை. இந்தப் புகையின் காரணமாகவே இரு வீச்சு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி 2008 இல் இலங்கையில் நிறுத்தப்பட்டது. வீதியில் அவை அருகிவிட்டன. கடலில் இன்னும் இருக்கின்றன.

வட மாகாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த மணம் வேறொரு காலத்தை நினைவூட்டும். 1990 இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை விழுந்து பெற்றோல் வருவது நின்றபோது, அங்கிருந்த மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தல் ஒன்றில் பொன்போலப் பாதுகாத்த கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீச்சி, எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு விட்டார்கள். வீதியெல்லாம் வெண்புகை. மண்ணெண்ணெயின் ஆவியாகும் வெப்பநிலையை எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் கைப்பழக்கத்தால் அறிந்த தலைமுறை அது. அந்த அறிவையும் அது பிறந்த நெருக்கடியையும் மரியாதையோடு நினைக்கத்தான் வேண்டும்.

மீனவருக்கு மண்ணெண்ணெய் மலிவான மாற்றாக நிலைக்கவும் இல்லை. 2022 ஆகஸ்ட்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. எரியாமல் வெள்ளையாய்ப் போன ஒவ்வொரு துளியும் அன்று ஏறத்தாழ நாலு மடங்கு கனமாகியது. எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை பெற்றோலிலேயே ஓடவிடுவது, கரி படிந்த பிளக்கைத் துடைத்து இடைவெளி சரிபார்ப்பது, எண்ணெய்க் கலவை விகிதத்தைக் கண்மதிப்பில் விடாமல் அளந்து ஊற்றுவது, இவை பணத்தைக் காப்பாற்றும். களப்பையும் காப்பாற்றும். புத்தளக் களப்பு 300 சதுரக் கிலோமீற்றருக்கு மேல் பரந்தது. ஆனால் கடலோடு அது கலப்பது வடக்குப் பக்கத்து வாயால் மட்டுமே. தெற்கு மூலையில் விழுந்தது வெளியேற நெடுநாள் செல்லும். நீர்மேல் வானவில் நிறத்தில் மிதக்கும் படலமும் காலையில் பார்த்த அந்த வெள்ளையும் ஒரே பொருள். இறால் குஞ்சும் மீன் முட்டையும் கண்டல் வேர்களுக்கிடையே அந்த நீரில்தான் வளர்கின்றன.

டீசல் பஸ்ஸின் காலைப் புகையும் இதே இனம். டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீச்சிப் பற்றவைக்கிறது. பிஸ்டன் வளையம் தேய்ந்து அமுக்கம் குறைந்த பழைய எஞ்சினுக்குள் காலையில் போதிய சூடு பிறக்காது. பஸ் நிலையத்தில் கண்ணைக் கரிக்கும் வெள்ளை அதுதான். இரண்டு கிலோமீற்றர் ஓடியதும் நின்றுவிட்டால் எஞ்சின் முதுமையடைகிறது என்று பொருள். நிற்காவிட்டால் எண்ணெய் பீச்சும் முனையைப் பார்க்க வேண்டும்.

இனி நீருக்கே திரும்புவோம். வெளியே போகும் நீர் தீங்கில்லாதது. உள்ளே தங்கும் நீர் அப்படி அல்ல. சைலன்சரின் அடியில் தேங்கும் நீரில் புகைவாயுவின் காபனீரொட்சைட்டும், சிறிதளவு நைதரசன், கந்தக ஒட்சைட்டுகளும் கரைந்து மென்னமிலமாகின்றன. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் சூடேறிய சைலன்சர் அந்த நீரை முழுவதும் ஆவியாக்கித் துரத்திவிடும். மீன் வாங்கச் சந்தைக்கும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது ஒருநாளும் வற்றுவதில்லை. உள்ளிருந்து தகரம் அரிக்கிறது.

இந்தக் கரையில் வெளியிலிருந்தும் அரிக்கிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய உப்புத் துகள் காற்றோடு வந்து இரும்பின் மேல் படிகிறது. ஈரப்பதன் சுமார் 75 வீதத்தைத் தாண்டியதும் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்து உவர்நீராகிவிடும். மாரியில் சமையலறை உப்புப் பேணி கசிவது இதனால்தான். புத்தளத்து இரவுகளில் ஈரப்பதன் அந்த அளவுக்கு மேலேயே கிடக்கிறது. மழை பெய்யாவிட்டாலும் வண்டியின் அடிப்பாகம் இரவெல்லாம் உவர்நீரில் நனைந்திருக்கிறது. உள்ளே அமிலமும் வெளியே உவர்நீரும் சேர்ந்தால் எந்த சைலன்சரும் நெடுநாள் தாங்காது. கிழமைக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது நெடுஞ்சாலையில் ஓடவிடுங்கள். கடற்கரைக்குப் போய் வந்த பிறகு அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுங்கள். ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவற்றில் எஞ்சின் நின்று நின்று ஓடுவதால் குழாய் சூடேறத் தாமதமாகும். நீர் சொட்டுவதும் வெள்ளை தெரிவதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அது பழுது அல்ல, அந்த எஞ்சினின் ஓட்டமுறை.

உண்மையாகவே பயப்பட வேண்டிய வெள்ளை மூன்றாவது வகை. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் நீர் சிலிண்டருக்குள் கசிந்து எரியும் அறையில் ஆவியாகி வெளியே வருவது. சிலிண்டர் மூடிக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள ஹெட் கெஸ்கட் போனாலோ, மூடி வளைந்தாலோ, வெடித்தாலோ இது நடக்கும். இங்கே எரிபொருளிலிருந்து வரும் நீரோடு இந்த நீரும் சேர்ந்துகொள்கிறது. எனவே சூடான குழாயும் பகல் வெயிலும் அதைத் தடுக்க முடியாது. நண்பகலிலும் வெள்ளை வரும்.

புத்தளத்தில் இதற்கு உள்ளூர்க் காரணம் ஒன்று உண்டு. இந்த மாவட்டத்தின் வடபகுதி சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. அறுவைக்காட்டில் வெட்டியெடுக்கும் அந்தக் கல்தான் புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போகிறது. அதே கல்லுக்குள் ஊறிவரும் கிணற்று நீர் கடின நீர். கொதிக்கவைத்த பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகப் படிவது அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு. கூலண்ட் வாங்காமல் கிணற்றடியில் ஒரு வாளி நீரை எடுத்து ரேடியேற்றருக்கு ஊற்றினால் அதே படிவு எஞ்சினின் நீர்வழிகளுக்குள் உட்காருகிறது. சுண்ணாம்புப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. வழி குறுகுகிறது, சுற்றோட்டம் தளர்கிறது, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது, அலுமினிய மூடி வளைகிறது, கெஸ்கட் போகிறது. கடலை ஒட்டிய கிணறுகளில் உவரும் கலந்திருந்தால் அலுமினியம் இன்னும் வேகமாக அரிக்கும். ஒரு போத்தல் கூலண்டின் விலையை மிச்சம்பிடித்தவர் முழு எஞ்சினையும் இறக்கிப் பூட்டும் செலவைத் தலையில் ஏற்றுக்கொள்கிறார். இது விதி அல்ல, சுண்ணாம்பு. மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ கலந்த கூலண்ட் இதைத் தடுத்துவிடும்.

கூலண்ட் ஊற்றியிருந்தால் கசிவில் ஓர் இனிப்பு மணம் வரும். அதிலுள்ள எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. ஆகவே மணந்து பார்க்கக் குழாய்க்குக் கிட்டப் போகாதீர்கள். வெறும் நீர் ஊற்றியிருந்தால் மணமும் வராது. அப்போது நம்பத்தக்க ஒரே சாட்சி நீரின் மட்டம். வெளியே எங்கும் சொட்டாமல் ரேடியேற்றர் நீர் நாளுக்கு நாள் குறைந்தால் அது பெரும்பாலும் சிலிண்டர் வழியாகவே போகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் கீழ் பால்நிறப் பசை தெரிந்தாலும் சந்தேகிக்கலாம். ஆனால் குறுந்தூரமே ஓடும் வண்டியில், உள்ளே குளிர்ந்த நீராவியால் அந்தப் பசை கெஸ்கட் நன்றாக இருக்கும்போதும் வரும். ஆகவே அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லும் கராஜை நம்பி எஞ்சினைக் கழற்ற வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. புகை வரும்போது ஒரு வெள்ளைத் தாளைக் குழாய்க்கு அரை முழம் பின்னால், பக்கவாட்டில் நின்றபடி சில வினாடி பிடியுங்கள். பிறகு நிழலில் காயவிடுங்கள். நீர் மட்டும் என்றால் தாள் காய்ந்து பழையபடி ஆகும், கொஞ்சம் கரிப்புள்ளி இருக்கலாம். எண்ணெயோ எரியாத டீசலோ என்றால் ஒளி ஊடுருவும் கறை நிற்கும். அது காயாது.

நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிக்கும் இந்தக் கணக்கு பொருந்துமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2011 இல் முதல் அலகு ஓடத் தொடங்கி இன்று 900 மெகாவாற்று கொள்ளளவுள்ள நிலையம் அது. பொருந்தாது. நிலக்கரியில் காபனுக்கு எதிரே ஐதரசன் பெற்றோலில் உள்ளதில் பாதிக்கும் குறைவு. ஆகவே நீரின் பங்கு குறைவு. கந்தகமும் நுண்சாம்பலும் அங்கே தனிக் கதை. அதை நிறத்தால் அல்ல, அளவுக் கருவியால் மட்டுமே தீர்ப்பிட முடியும். சுற்றியுள்ள கிராமத்தவருக்கு அந்த அளவீடுகளைக் கேட்கும் உரிமை இருக்கிறது.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத ஒன்று. குளிர்ந்த எஞ்சினுக்குப் பற்றிக்கொள்ளக் கூடுதல் எரிபொருள் போகிறது, அது முழுதாக எரிய ஒட்சிசன் போதாது. புகையைச் சுத்தப்படுத்தும் கட்டலிடிக் கன்வேட்டர் 250, 300 பாகைக்குச் சூடேறும் வரை வேலை செய்யாது. ஆகவே நாம் நீர் மேகத்தை ரசித்துக்கொண்டு நிற்கும் அதே சில நிமிடங்களில்தான் காபனோரொட்சைட்டு மிகக் கூடுதலாக வெளியே வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஈமோகுளோபினோடு ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வெள்ளை மறைந்ததும் ஆபத்து மறைந்துவிட்டதாக எண்ணக்கூடாது, வெள்ளையோடு அதற்குத் தொடர்பே இல்லை.

ஆகவே காலையில் வண்டியைக் கிளப்புபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்காதீர்கள், படுக்கையறை யன்னலுக்கு நேரே பின்குழாயை வைத்து நிறுத்தாதீர்கள். கிளப்பி அரை நிமிடத்தில் மெதுவாக ஓட்டத் தொடங்குங்கள், எஞ்சின் ஓடும்போதுதான் விரைவாகச் சூடேறும். பத்து நிமிடம் ஓடிய பிறகும் பின்னால் வெள்ளை வந்தால், புத்தளத்தில் அது குளிரின் வேலை அல்ல. நிறுத்தி, எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு ரேடியேற்றர் மூடியைத் திறந்து நீரின் மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் அன்று கொழும்புப் பயணம் வேண்டாம்.